ஈரத் தலை

"காலையிலதானே தலைக்குக் குளிச்சே? இப்ப எதுக்கு மறுபடியும் ஈரம்?"

சாதம் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கை ஒரு நொடி நின்றது.

"கசகசன்னு இருந்துச்சுங்க. அதான் ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டேன்."

பூட்டு ரிப்பேர்க்காரனான கணவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் மூக்கு சும்மா இருக்குமா? அது சோப்பு வாசனை இல்லை. ஏதோ மருந்து நெடி.

கல்யாணத்தின்போது துரும்பாக இருந்தவள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தைராய்டு வந்தது, உடம்பு பெருத்தது. சாயங்காலமானால் கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாமல் வீங்கிவிடும். விரலால் அமுக்கினால் குழி விழும். அது எழும்பி வர நேரமாகும்.

"எடை ஒரு பக்கம், ஹார்மோன் ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்து காலைப் படுத்துது" என்றார் டாக்டர். "மாத்திரையை விடாதீங்க. உப்பைக் குறைங்க. காலுக்கு வேலை கொடுங்க."

"வாய்க்கு லீவு கொடுத்தாலே போதும் டாக்டர்!" என்றான் அவன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.

கெட்டவன் இல்லை அவன். நாக்குதான் நீளம். போன மாதம் சொந்தக்காரர் வீட்டில் அத்தனை பேர் நடுவில், "ரெண்டு தூண் ரெடியா இருக்கு, மேல ஒரு மாடி கட்டிக்கலாமா?" என்று அவள் காலைக் காட்டிக் கேட்டான். கூடமே சிரித்தது. அவளும் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள்.

"ஏண்டா இப்படிப் பேசுறே?" என்று அவனுடைய அக்கா கடிந்துகொண்டாள்.

"அவளே சிரிக்கிறா, உனக்கென்ன?"

அப்படிப்பட்டவள் இப்போது வேறு ஆளாக இருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். காலில் ஏறாமல் பரணில் கிடந்த பட்டை வைத்த செருப்பு வாசலுக்கு வந்துவிட்டது. மத்தியானம் அவன் ஏதாவது எடுக்க வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. ஊரார் பூட்டையெல்லாம் ஊசியால் திறக்கிறவன், சொந்த வீட்டு வாசலில் திருதிருவென்று நின்றான்.

"கால் வத்திப் போச்சு போலிருக்கே?" என்று ஒரு நாள் நூல் விட்டுப் பார்த்தான்.

"மாத்திரைங்க" என்றவள், புடவையைச் சட்டென்று பாதம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இத்தனை வருஷம் வேலை செய்யாத மாத்திரையா? யாருக்காக இந்தச் சிங்காரம்?

சந்தேகத்துக்குத் தீனி போட வேண்டியதில்லை. அதுவே மேய்ந்துகொள்ளும். அன்று ராத்திரி அவள் சமையலறையில் போனில் குசுகுசுத்தது அவன் காதில் விழுந்தது.

"இல்ல இல்ல, அவருக்குத் தெரியாது. நாளைக்குக் கண்டிப்பா வந்துடறேன்."

மறுநாள் மத்தியானம் கடையை அடைத்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தெருமுனையில் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். நீலப் பையோடு அவள் வெளியே வந்தாள். நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறவள், விறுவிறுவென்று போய் பஸ் ஏறினாள்.

பஸ்ஸின் பின்னாலேயே போனான். பெரிய மதில் சுவர் வைத்த ஒரு காம்பவுண்டுக்கு முன்னால் இறங்கினாள். கேட்டில் உட்கார்ந்திருந்த மீசைக்காரன் எழுந்து கதவைத் திறந்தான்.

"வாங்க வாங்க! என்ன, இன்னைக்கு லேட்டு?"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

"சார், நில்லுங்க. இந்த நேரத்துல ஆம்பளைங்களுக்கு அனுமதி இல்ல."

"நீ யாருய்யா, பொம்பளையா?"

"நான் வாட்ச்மேன் சார்."

சத்தம் கேட்டு, கழுத்தில் விசில் தொங்க ஒரு பெண் உள்ளேயிருந்து வந்தாள்.

"என்ன கலாட்டா? இது பெண்களுக்கான நீச்சல் நேரம். நான்தான் இங்க பயிற்சி கொடுக்கிறேன். உங்களுக்கு யாரைப் பார்க்கணும்?"

நீச்சலா? ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "இப்ப உள்ள போனாங்களே... நீலப் பையோட..." என்றான்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"ஓ, அவங்களா! ரொம்பக் கால் வீக்கத்தோட வந்தாங்க. தண்ணிக்குள்ள நடந்தா உடம்பு பாரம் தெரியாது, வீக்கமும் வடியும்னு டாக்டர்தான் அனுப்பி வெச்சார். இப்ப எவ்வளவோ தேவலை."

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சளசளத்தது. அவள் தலையில் அடித்த அதே மருந்து நெடி, குளோரின். நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். அதில் அவள் குரலும் கேட்டது. அவன் வீட்டில் ஒரு நாளும் கேட்டிராத சிரிப்பு.

"நல்ல விஷயம்தானே? அப்புறம் ஏன் வீட்டுக்குத் தெரியாம வரணும்?" என்று கேட்டான்.

"நானும் அதைத்தான் கேட்டேன். முதல் நாள் படியில இறங்கவே மாட்டேன்னு அழுதாங்க. 'எல்லாரும் என் காலைப் பார்த்துச் சிரிப்பாங்க'ன்னாங்க. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்கம்மான்னு சொன்னேன். அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?"

அவன் ஹெல்மெட்டைக் கை மாற்றிப் பிடித்தான்.

"'வெளியாளு சிரிச்சா திரும்பிப் பார்க்காம வந்துடலாம். கட்டினவரே சபையில சிரிக்கும்போது, நானும் சேர்ந்து சிரிச்சாத்தானே மிச்ச மானமாவது தங்கும்? நீச்சலுக்குப் போறேன்னு தெரிஞ்சா அதையும் ஊருக்கே சொல்லிச் சிரிப்பாரு'ன்னாங்க. அந்த மனுஷனை ஒரு நாள் நேர்ல பார்த்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும் சார்! அது கிடக்கட்டும். அவங்களைத் தேடி வந்திருக்கிற முதல் ஆள் நீங்கதான். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

வழியெல்லாம் கத்துவதற்காகத் தயாராக வைத்திருந்த 'புருஷன்' என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டி வர மறுத்தது.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"அண்ணன்."