நார்மல்

"சுடுதண்ணிப் பை வேண்டாம் மாமா, எடுங்க," என்றாள் நர்ஸ் ஷைஜா.

செல்வதாஸ் மனமில்லாமல் பையை எடுத்துவிட்டு மனைவியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். வெளியே மே மாத வெயில் கொளுத்தியது. ஜெபகுமாரியின் பாதமோ கிணற்றுப்படி போலக் குளிர்ந்து கிடந்தது.

"இம்புட்டு தணுப்பா இருக்கே மக்களே. கொஞ்சம் சூடு காட்டினா என்ன?"

"சட்டுனு சூடு பட்டா பிரஷர் விழுந்துபோவும் மாமா. கம்பிளி போதும். மெதுவாட்டுதான் சூடு ஏறணும்."

அவர் திடுக்கிட்டுப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நல்லது என்று நினைத்துத்தானே கொண்டுவந்தார்? அதற்குமேல் அவரைக் கடிந்துகொள்ள ஷைஜாவுக்கு வாய் வரவில்லை.

மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று கம்பளிக்குள் ஜெபகுமாரி கிடந்தாள். ஷைஜாவுக்கு வியர்வை முதுகில் வழிந்தது. முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அவள் அதை இறக்கவில்லை.

"ஏட்டி, கொரோனா போயி காலமாச்சு. நீ இன்னும் மூஞ்சியை மூடிட்டு நடக்குதியே," என்று அடுத்த கட்டிலில் ஊசி போட வந்த அஞ்சலி சிரித்தாள்.

ஷைஜா முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டாள்.

முந்தின நாள் ஜெபகுமாரியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது, யாரும் சொல்லாமலே இந்தக் கட்டிலைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டவள் அவள். இன்று அவளுக்கு விடுப்பு. அதையும் வேண்டாம் என்றுவிட்டாள்.

வறண்டு வெடித்த கால்களுக்கு எண்ணெய் தடவினாள். புண் வந்துவிடாமல் புரட்டிப் படுக்க வைத்தாள். தலையணையை உயர்த்தி, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தாள். தைராய்டு இந்த அளவுக்குக் குறைந்துவிட்டால் உடம்பு மட்டுமா மெதுவாகிறது, பேச்சும் மெதுவாகிவிடும். கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும்.

காலையில் "தாகமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஷைஜா பல்ஸ் பார்த்து, கம்பளியையும் சரிசெய்து முடித்த பிறகுதான் "ம்" என்று வந்தது. அந்த ஒரு "ம்" கேட்டதும் அவள் குளியலறைக்கு ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தாள்.

டாக்டர் வந்தார். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"உயிர் தப்பும்னு இன்னும் உறுதியா சொல்ல முடியாது. மாத்திரையை எதுக்கு நிறுத்தினீங்க?"

"ரிசல்ட்டு நார்மல்னு சொன்னாவ டாக்டரே," என்றார் செல்வதாஸ். "தீனம் மாறினவளுக்கு பின்ன என்னத்துக்கு மாத்திரை?"

போதாக்குறைக்குச் சபையில் சாட்சியும் சொல்லியாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜெபகுமாரி மைக் முன்னால் நின்று, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று கண்ணீரோடு சொன்னாளாம்.

"சாட்சி சொன்ன வாயிலயே மறுநாளும் மாத்திரையைப் போட்டா, ஆண்டவரை நம்பலேன்னு ஆவும்லா?"

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "மாத்திரை போட்டதாலதான் நார்மல்! ஆயுசு முழுக்கப் போடணும். அதையும் சேத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவங்க இங்க வந்து கிடக்க வேண்டாம். யாரு சொன்னது?"

"இங்க உள்ள ஒரு சிஸ்டராக்கும். நாங்க சிதறால்ல இருந்து வந்து சேரதுக்குள்ள டாக்டருமாரு எல்லாம் போயாச்சு. படிக்கட்டுல வச்சு அந்தப் பிள்ளைதான் சீட்டை வாங்கிப் பாத்துட்டு, 'எல்லாம் நார்மல், சந்தோசமா போங்க'ன்னுது. நான் ஒண்ணு கேக்க வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள இறங்கிப் போயிட்டுது. என்னமோ அவசரம், திரக்கா இருந்திருக்கும், பாவம்."

"பேரு என்ன?"

"பேரு தெரியாது. முகத்தைக் கண்டா தெரியும்."

ஷைஜா ஜெபகுமாரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நாடி ஒன்று அடித்து, யோசித்து, இன்னொன்று அடித்தது. ஷைஜாவின் நெஞ்சு அடிப்பது அவள் காதுக்கே கேட்டது.

அன்று மார்த்தாண்டம் பஸ் புறப்படும் நேரம். அவ்வளவுதான் அவசரம்.

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

முதலில் பார்த்தது ஜெபகுமாரி. வீங்கிய இமைகள் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன. உதடு அசைந்தது. குரல் கரகரத்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"இந்தப்... பிள்ளை... தான்."

டாக்டர் திரும்பி ஷைஜாவைப் பார்த்த பார்வையில் அவள் குறுகிப்போனாள். ஆனால் ஜெபகுமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

செல்வதாஸ் எழுந்து டாக்டருக்கும் ஷைஜாவுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டரே. நல்ல மனசோட சொன்னதாக்கும்." பிறகு ஷைஜாவின் பக்கம் திரும்பினார். "அன்னையில இருந்து ராத்திரி ஜெபத்துல ஒன்னையும் நினைச்சுக்கிடுவோம் மக்களே. நல்ல சேதி சொன்ன அந்தப் பிள்ளையை ஆசீர்வதியும்னு சொல்லுவோம். பேரு மட்டும் தெரியாது. ஒனக்க பேரு என்ன?"

ஷைஜாவிடமிருந்து பதில் வர நேரமாயிற்று.

கணவனும் மனைவியும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள்.