கோதுமை நின்ற உயரம்

இடிக்கப்போகும் சைலோவின், அந்த உயர்ந்த தானியக் கோபுரத்தின் அடியில் புழுத்துக் கிடக்கும் கோதுமையை வாரிக்கொட்ட தொலைவிலுள்ள நகரத்தின் புறநகரான ட்ருகனினாவிலிருந்து வந்திருக்கும் யோகராசாவும் லதீஸும், சவள்களை ஊன்றியபடி அண்ணாந்து நிற்கிறார்கள். கூரைத் துவாரத்தால் இறங்கும் வெயில் பாதி வழியிலேயே தூசியில் கரைந்துபோகிறது. எங்கோ ஒரு புறாவின் சிறகடிப்பு சுவரைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு அறுவடையிலும் கோதுமைக் குவியலின் மேல் நின்று அதைப் பரவிவிட்டவர்கள், நின்ற உயரத்திலேயே தங்கள் பெயர்களை ஆணியால் கீறியிருக்கிறார்கள். ஊர் செழித்திருந்த காலத்துப் பெயர்கள் கூரையை ஒட்டி நெருக்கியடிக்கின்றன. வர வரப் பெயர்கள் குறைந்து கீழே இறங்குகின்றன. நெஞ்சளவில் இரண்டு, முழங்காலளவில் ஒன்று, அதற்குக் கீழே வெறும் சுவர். வெளியே, பலகை அடித்து மூடிய கடைகளைத் தாண்டி ஒரு லொறி நிற்காமல் போகிறது. லதீஸ் குந்தியிருந்து அந்தக் கடைசிப் பெயருக்குக் கீழே ஆணியை வைக்கிறான்.

“இடிக்கப்போற சுவரில என்னத்துக்கடா?” என்கிறார் யோகராசா.

“ஊரில ஷெல் விழுந்த எங்கட வீட்டுச் சுவர் மட்டும் நிக்குதே அண்ணை?”

யோகராசா குனிந்து டார்ச்சைப் பிடிக்கிறார். ஆணி கீறும் சத்தம், உச்சியில் இருக்கும் அந்தப் பழைய பெயர்கள் வரைக்கும் ஏறிப் போகிறது.