டீக்குக் காசு யார் கொடுப்பது

கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையில் அவரவர் சம்பளம் ஒளிர ஆரம்பித்ததிலிருந்து கேன்டீனில் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. மேசையில் யாருடைய எண் பெரியதோ, டீக்குக் காசு அவருடையது. பரிமளம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சூசை அண்ணன்தான் கொடுத்துவந்தார்.

இன்று அவர் எண் பாதியாகியிருந்தது. இப்போது அவளுடையதுதான் பெரியது. அவர் கவனிக்கவில்லை போலும். வழக்கம்போலச் சட்டைப்பையில் கைவிட்டார்.

பரிமளம் சட்டென்று தன் அட்டையைத் திருப்பிப் போட்டாள்.

“மறைச்சா ஃபைன் போடுவாங்கம்மா.”

“போடட்டும்ண்ணே. வெளிச்சம் கண்ணு கூசுது.”

சூசை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் அட்டையையும் திருப்பிவிட்டார்.

“எனக்குந்தாம்மா. காலையிலேருந்தே கூசுது,” என்றவர், கவுன்டர் பக்கம் திரும்பினார். “ரெண்டு டீப்பா. காசு நான் தர்றேன்.”