கடிபடாத மெனு அட்டை

"கடிச்சு வச்சிருக்கான் பாருங்க, கடிச்சு!"

ஓட்டல் முதலாளி நோரீன் அந்த மெனு அட்டையை மேசையில் ஓங்கி அடித்தாள். இரண்டு மூலைகளைக் காணோம். தோல் உறை நார்நாராகத் தொங்கியது.

க்ளென் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கம்பெனி சரக்குதான். ஐந்து வருஷம் உழைக்கும் என்று அவன் வாயாலேயே சொல்லி விற்றது. இன்னொரு ஓட்டலிலிருந்து சரக்கு திரும்பி வந்தால் வேலைக்கே வராதே என்று சொல்லித்தான் முதலாளி அவனை மெல்பர்னிலிருந்து லோர்ன் கடற்கரைக்கு விரட்டியிருந்தார்.

"மெனு அட்டையை யாராவது கடிப்பாங்களா மேடம்?"

"அவன் கடிப்பான்! சாயங்காலமானா கூட்டாளிகளோட வந்துடறான். அடுத்தவங்க தட்டுலேருந்து சிப்ஸை எடுத்துத் தின்றான். இதுவரைக்கும் ஒரு டாலர் குடுத்ததில்லே!"

க்ளெனுக்குக் காது சிவந்தது. "கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ள வேண்டியதுதானே?"

"நல்லாச் சொன்னீங்க! மேல கை வச்சா எனக்குத்தான் அபராதம். சட்டம் அவன் பக்கம்." நோரீனுக்கு மூச்சு வாங்கியது. "கெய்லி, இங்க வா. அவன் உன்னை எப்படிக் கூப்பிடறான், சொல்லு."

பரிமாறும் பெண் கெய்லி முகத்தைச் சுளித்தாள். "'ஹலோ டார்லிங்'னு. தினமும் இதே பாட்டுதான். போன வாரம் காதோட சேத்து என் தோட்டைப் பிடிச்சு இழுத்தான்."

இதற்கு மேல் க்ளெனால் பொறுக்க முடியவில்லை. அவனுக்கும் அந்த வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். தவிர, கோபம் வந்துவிட்டால் அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

பெட்டியைத் திறந்து, பித்தளை மூலை வைத்த மரப் பலகை அட்டை ஒன்றை வெளியே எடுத்தான். தரையில் போட்டு ஏறி மிதித்தான். தக்காளி சாஸை ஊற்றித் துடைத்துக் காட்டினான். பலகை அப்படியே இருந்தது.

"இதைக் கடிக்கச் சொல்லுங்க பாப்போம். ஒரு கீறல் விழுந்தாலும் ஓட்டல் முழுக்க இனாமாத் தர்றேன். என் சம்பளத்துல பிடிச்சுக்கட்டும்!"

"யோசிச்சுப் பேசுங்க தம்பி. அவனைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சு என்ன ஆகணும்? பொம்பளப் பிள்ளை காதைப் பிடிச்சு இழுப்பான், சட்டம் அவன் பக்கமா? வரட்டும் அந்தப் பொறுக்கி, நான் கேக்கறேன்!"

கடலைப் பார்த்த மாடத்துக்குப் போய், அங்கிருந்த மேசையில் பலகையை 'டக்'கென்று வைத்தான். சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு, வாசலையே முறைத்தபடி நின்றான். பல் நறநறத்தது. வாசலில் யாரும் வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் 'கரக்... கரக்...' என்று சத்தம் கேட்டது. வெடுக்கென்று திரும்பினான்.

பித்தளை மூலை தரையில் உருண்டது. மரச் சிலும்புகள் காற்றில் பறந்தன. மாடத்துக் கைப்பிடியின் மேல், பிளந்த பலகைத் துண்டை ஒற்றைக் காலில் பிடித்தபடி பெரிய வெள்ளைக் கிளி ஒன்று உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கொண்டையை விசிறியாய் விரித்து, க்ளெனை ஏற இறங்கப் பார்த்தது.

"ஹலோ டார்லிங்!"