கேப்டன் விருந்துக்கு ஒரு கோட்டு

“ஒரு வாரம் கப்பல்ல ஜாலியா இருக்கப்போறோம். கோட்டு எதுக்குப்பா? பெட்டியில பாதி இடத்தை அதுவே அடைச்சுக்குது!”

மகள் வெளியே எடுத்துப் போட்ட கோட்டை அப்பா மறுபடி உள்ளே வைத்தார்.

“மூணாம் நாள் கேப்டன் விருந்து. பெரிய ஹாலுக்குக் கோட்டு போட்டுத்தான் போகணும்.”

“அதெல்லாம் அந்தக் காலம். கட்டாயமில்லைன்னு டிக்கெட்லயே போட்டிருக்காங்க.”

“அவங்களுக்கு இல்லாட்டிப் போகட்டும். எனக்குக் கட்டாயம்.”

“பிடிச்சா ஒரே பிடி! சரி, கசங்கிக் கிடக்கு. தேய்ச்சாவது வைங்க.”

“வேண்டாம். கப்பல்லயே தேய்க்கக் குடுத்துக்கறேன்.”

அதே கப்பலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவை அறையில், இருபத்திரண்டு வருஷம் பயணிகளின் கோட்டுகளைத் தேய்த்தவர் அப்பா. அந்த ஹாலை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அப்பா ஒரு சீட்டில் ‘ரொம்ப நன்றி தம்பி’ என்று எழுதிக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்தார்.

“இது யாருக்கு?”

“தேய்க்கிறவனுக்கு. உள்ளே பேனா கீனா இருக்கான்னு பாக்கெட்டைத் துழாவிட்டுத்தான் தேய்ப்பான். நானும் இருபத்திரண்டு வருஷம் துழாவினேன். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதி வெச்சதில்ல.”