கடதாசிப் பில்டர்

லொறி என்ஜினுக்குப் போகும் காற்றை வடிக்கும் பழைய எண்ணெய்ச் சட்டி எயார் பில்டரைக் கழற்றிவிட்டுக் கடதாசிப் பில்டர் பூட்டச் சொன்னான் ஜெகதீபன்.

கராச்காரன் றம்ஸீன் சிரித்தான். "கிழமைக்கு ஒருக்காச் சட்டியைக் கழுவி எண்ணெய் ஊத்தப் பஞ்சியோ மச்சான்? இவ்வளவு காலமும் இதோடதானே ஓடினது. கட்டுக்கரை ரோட்டுப் புழுதிக்குக் கடதாசி நிண்டு பிடிக்காது."

"அடைச்சா வேற வாங்கிப் போடுறன். நீ மாத்து."

கூட வந்த மாமனார் இராசேந்திரத்துக்குக் கோபம் வந்தது. "என்ர மகள் ஜூலியட்டே செத்துப்போனாள். இனி உமக்கேன் இந்தக் கரைச்சல்? லொறியை வித்துப்போட்டுக் கந்தோர் வேலையைப் பாரும்."

"விக்கமாட்டன் மாமா."

"ஊர் சிரிக்குது தம்பி!"

"சிரிக்கட்டும்."

"சரி, அந்தச் சட்டி என்ன பாவம் செய்தது?"

"அளவுக்கு மிஞ்சி ஊத்தினா என்ஜின் எண்ணெயைக் குடிச்சிடுமாம். எனக்கு அளவு தெரியாது."



புதுப் பில்டர் ஏறியது. ஜெகதீபன் பையிலிருந்து, ஓட்டப் பழகுபவர்கள் கட்டும் சிவப்பு 'எல்' பலகையை எடுத்து லொறியின் முன்னால் கட்டினான். சாரதி இருக்கையில் ஒரு தலையணை கிடந்தது. ஸ்டியரிங் எட்டுவதற்காக ஜூலியட் போட்டு ஓட்டியது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"நீயும் ஏறு றம்ஸீன். முதல்ல எதை மிதிக்கவேணும்?"