கடற்கரை ஒழுங்கை லைட்

“தங்கச்சி, டென்மார்க்கில இருந்து தவராஜா கதைக்கிறன். கடற்கரை ஒழுங்கை லைட் இன்னும் எரியேல்லை.”

வெள்ளாந்துறை நகரசபையில் தொலைபேசி எடுக்கும் பற்றிமாவுக்கு இந்தக் குரல் நன்றாகப் பழகிவிட்டது. அது சின்னக் கடலோர நகரசபை. சந்து, ஒழுங்கைகளில் தெருவிளக்கு மாற்ற ஏணி வைத்த வண்டி ஒன்றுதான் உண்டு, அதுவும் பழுதாகிக் கராஜில் கிடந்தது. அன்றும் அதையே சொன்னாள். தவராஜா விடுகிற ஆள் இல்லை. தான் இருக்கும் கிரின்ஸ்டெட்டில் ஒரு லைட் அணைந்தால் அங்கத்தைய நகரசபையான கொமூன்காரர் உடனே வந்து மாற்றிவிடுவார்கள் என்று, அவள் கேட்காமலே பாடம் எடுத்தார்.

“உங்கட வீடு பூட்டித்தானே அண்ணை கிடக்கு. பிறகு ஆருக்கு லைட்?”

கள்ளர் பயம் என்று சொல்லிப் போனை வைத்தார். அது பச்சைப் பொய்.

உண்மையில் அவருக்கு அண்ணன் கனகசபையைப் பார்க்க வேண்டும். அந்த வீடு யாருக்கு என்பதில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு, ஒருவர் செத்தவீட்டுக்கு மற்றவர் வரக்கூடாது என்பதுவரை பேசிப் பிரிந்தவர்கள். கடைசியில் வீடு தம்பிக்கு வந்தது. அண்ணன் பூட்டை உடைத்துக் குடியேறிவிடுவார் என்ற சந்தேகத்தில் தவராஜா ஆள் வைத்து வாசலில், டென்மார்க்கில் இருந்தே போனில் பார்க்கிற மாதிரி ஒரு கமரா பொருத்தினார்.

பூட்டை யாரும் தொடவில்லை. ஆனால் பொழுதுபட்டதும் அண்ணன் வந்து, எதிரே இருந்த மதகில், விளக்கின் கீழ் உட்கார்ந்து பேப்பர் படிப்பது தெரிந்தது. இரண்டு தெரு தள்ளித்தானே அவர் வீடு, கடற்காற்று வாங்க வருகிறார் என்று தவராஜா நினைத்துக்கொண்டார். அவர் வேலை செய்யும் கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் அது பின்னேரக் கோப்பி நேரம். ஆரம்பத்தில் போனை முறைத்துப் பார்த்தார். போகப் போக, அண்ணன் வர ஐந்து நிமிடம் பிந்தினாலே இவருக்குக் கோப்பி இறங்காமல் போனது.

அந்த விளக்குத்தான் அணைந்துவிட்டது. மலிவுக் கமரா, இருட்டில் ஒன்றும் காட்டாது. கடைசியாகப் பார்த்தபோது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியது வேறு மனதை அரித்தது.

“ஒரு கோல் எடுத்துக் கதையுங்கோவன்,” என்றாள் மனைவி ஞானேஸ்வரி.

“மூத்தவர் அவர். அவர் எடுக்கட்டும்.”

“அப்ப உங்கட அண்ணைக்குச் சுகமோ எண்டு நகரசபையிட்டையே கேளுங்கோ.”

தவராஜாவுக்கு அண்ணனை நினைத்து அழுகை வந்தது, ரோசம் அதைவிடப் பெரிதாக நின்றது.

அடுத்த நாள் காலையில் மறுபடியும் பற்றிமாவுக்குப் போன் போட்டார். இவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

“லைட் போட்டாச்சு அண்ணை.”

“வண்டி திருத்தியாச்சோ?”

இல்லை என்றாள். உங்களைப் போலவே இன்னொருவரும் அந்த லைட்டுக்காக அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாராம். இன்று காலை ஏணியையும் தானே இரவல் வாங்கிக் கொண்டுவந்து, நகரசபை ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

“ஆர் பிள்ளை அது? அந்த ஒழுங்கை ஆளோ?”

“இல்லை அண்ணை, இப்ப இந்த ஊரிலயே இல்லை. போன வருசமே மகளோட சாவகச்சேரிக்குப் போயிட்டாராம். பின்னேரத்தில பஸ்ஸில வந்து, அந்த மதகில கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போறவர். ஏன் ஐயா இந்த அலைச்சல் எண்டு கேட்டன். ‘தம்பி டென்மார்க்கில இருந்து கமராவில பாக்கிறவன். என்னைக் காணாட்டிப் பயந்துபோவான், பிள்ளை’ எண்டார்.”